காற்று குடித்த இரண்டரை லிட்டர்

எரிபொருள் சிக்கன வாரியத்தில் மூன்றாம் நம்பர் காரை ஓட்டியவருக்கு அலுவலகம் வைத்த பெயர் நிதானம். பத்தொன்பது வருடச் சர்வீசில் அவர் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. கொள்கை கிள்கையெல்லாம் ஒன்றும் கிடையாது, சுபாவமே அப்படி. அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் அவர் மனைவி தையல் மெஷினில் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை, கழுத்து எல்லாம் வைத்துவிடுவாள்.

அந்தச் சுபாவத்தைக் கொள்கையாக்கியவர் புதிதாக வந்த இயக்குநர். முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னார்: "நான் பதினோரு நாடுகளுக்கு விமானத்தில் போய் ஆராய்ந்தேன். எங்குமே யாரும் மெதுவாகப் போவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று."

கூட்டம் கைதட்டியது. முதலில் தட்டியவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொண்டார்.

விஷயம் என்னவோ உண்மைதான். மிகவும் மெதுவாகப் போனால் வண்டி நகர்கிறதோ இல்லையோ, இன்ஜின் தன் பங்கைக் குடித்துக்கொண்டே இருக்கும். வேகம் கூடக் கூட எதிர்க்காற்று சுவர்போல எழும்பி நிற்கும்; அந்தச் சுவரைத் தள்ளவே பெட்ரோல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. மூன்றாம் நம்பர் கார் அறுபதில் போனால் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும். எந்த டிரைவரைக் கேட்டாலும் டீ குடிக்கும் நேரத்தில் இதைச் சொல்லிவிடுவார். இயக்குநர் இதை நூற்று நாற்பது பக்கம் எழுதி, "வாரியத்தின் எல்லா வாகனங்களும் எந்நேரமும் அறுபதில் செல்ல வேண்டும்" என்று சுற்றறிக்கை விட்டார்.

நகரத்தில் காலை ஒன்பது மணிக்கு அறுபதில் போவதென்றால் பறந்துதான் போக வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து மணிக்குப் பதினாலு கிலோமீட்டர்தான் தேறும். அதனால் அன்றாடச் சராசரி வேகம் குறைந்தது. சராசரி குறைந்த வண்டிகள் மாலையில் வெளிவட்டச் சாலையில் அறுபது வேகத்தில் சுற்றிச் சுற்றிச் சராசரியை ஏற்ற வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. 'சராசரி திருத்த ஓட்டம்' என்று அதற்குப் பெயர்.

நான்காம் நம்பர் காரை ஓட்டியவன் புதுசு. ஆறு வருடமாக வேலை பார்க்கிறான். பணி நிரந்தரம் ஆகாததால் இன்னும் புதுசுதான். கணக்கில் கெட்டிக்காரன். அவன்தான் நிதானத்திடம் சொன்னான்: "அண்ணே, பதினாலுல ஊர்ந்துட்டு அப்புறம் அறுபதுல ஓடினா, சராசரி எப்படிண்ணே அறுபது ஆகும்? காலம் பூரா சுத்தினாலும் ஐம்பத்தொம்பது சொச்சத்துலதான் நிக்கும்."

"அத யாருப்பா அவர்கிட்ட போய்ச் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும். உங்க பேச்சைத்தான் கேப்பாரு."

நிதானம் சொல்லவில்லை. எப்படியோ விஷயம் இயக்குநர் காதுக்குப் போய், அவர் கருணை கூர்ந்து, ஐம்பது வந்தால் போதும் என்று தளர்த்தினார். ஐம்பது வருவதற்கு மூன்றரை மணி நேரம் சுற்ற வேண்டியிருந்தது. ஆக ஒவ்வொரு காரும் தினமும் பத்தரை லிட்டரைச் சிக்கனத்துக்காகவே எரித்தது.

நிதானத்தை மட்டும் இயக்குநர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவருடைய பத்தொன்பது வருட டிரிப் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கும் நிதானம். கீழே, 'இவர் அவசரப்படுவதில்லை. நீங்கள்?'

அவர் மனைவி துணி வாங்கப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டு வந்து, "வீட்டுல ஒரு நாளாவது இப்படி சிரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இப்படி ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை புத்தி பிசகியது.

எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் கருத்தரங்கு. இயக்குநரை அங்கே இறக்கிவிட்டு, அந்த ஊர்ப் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு, மத்தியானம் வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார் நிதானம். புதிதாகப் போட்ட நாலு வழிச் சாலை. முள் அறுபதில் ஆணி அடித்தாற்போல நின்றது. ஒரு வைக்கோல் லாரி அவரைத் தாண்டிப் போனது. சரி, போகட்டும். ஒரு பள்ளிக்கூட வேன் போனது. பின்சீட்டுப் பிள்ளைகள் நாக்கைத் துருத்திக் காட்டின. அதையும் பொறுத்துக்கொண்டார். அப்புறம் ஓர் அமரர் ஊர்தி போனது.

செத்தவருக்குக்கூட நம்மைவிட அவசரம் இருக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஊர்தியின் பின்கண்ணாடி வழியாக, அழுதுகொண்டிருந்த ஒரு சொந்தக்காரர் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தார். பாவம் என்பதுபோலப் பார்த்தார்.

நிதானத்தின் வலது கால் தன்னாலே இறங்கியது. எண்பது. நூறு. ஊர்தி பின்னால் போனது, வேன் பின்னால் போனது, வைக்கோல் லாரி ஒரு புள்ளியாகிப் போனது. நூற்று இருபத்தைந்தில் காற்று நான்கு கதவையும் பிடித்து உலுக்கியது. பானட் முனையில் ஏதோ மிருகம் உறுமுவதுபோலச் சத்தம். நிதானம் வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்கு வெளியே வந்து காலை எடுத்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைத்தது.

ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டிய பாதை, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அலுவலகத்துக்குள் நுழைந்தால் கேட்டில் நிற்பவரே பிடித்துவிடுவார். ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். முன்கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் அப்பியிருந்தன. அறுபதில் போனால் பூச்சிகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு டிரிப் ஷீட்டை எடுத்தார். வேகம் என்ற இடத்தில் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை அதுவாகவே '60' என்று எழுதிவிட்டது. அடித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அடிக்கவில்லை.

வாரியத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் டேங்கை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பார்கள். அன்று அவர் வருவதற்குள் பெட்ரோல் சீட்டுக் கொடுக்கும் கண்காணிப்பாளர் அம்மா அரைநாள் லீவில் வீட்டுக்குப் போய்விட்டார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நிதானமும் போய்விட்டார். மறுநாள் காலையில் நான்காம் நம்பர் கார் கிளம்ப மறுத்ததால், புதுசு மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு முதல் வேலையாகப் பெட்ரோல் பங்குக்குப் போனான். நான்கு லிட்டர் பிடிக்க வேண்டிய டேங்க் ஆறரை லிட்டர் பிடித்தது.

இரண்டரை லிட்டர் எங்கே போயிற்று?

நிதானத்தின் டிரிப் ஷீட்டில் அறுபது என்று இருந்தது. ஆகவே நிதானம் பெட்ரோலைக் குடிக்கவில்லை. கேட்டுக்கும் பங்குக்கும் நடுவில் வண்டி யார் கையில் இருந்தது? புதுசு கையில். மத்தியானத்துக்குள் அவனுக்குக் குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது. அடுத்த மாதம் வரவிருந்த பணி நிரந்தர ஆணையை நிறுத்தி வைத்தார்கள்.

அவன் குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நிதானத்திடம்தான் வந்தான். "அண்ணே, நான் ஒரு சொட்டு எடுத்திருப்பேனாண்ணே? நீங்களே சொல்லுங்க."

"நீ எடுத்திருக்க மாட்டப்பா."

"இவ்வளவு உறுதியா நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க," என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உறுதியாகச் சொல்வதற்கு நிதானத்தைவிடத் தகுதியானவர் யார்? அன்று அவர் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். இரண்டரை லிட்டர்தானே, வாரியமே ஆறப்போட்டு மறந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போஸ்டரில் இருந்த முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏற ஆரம்பித்தார். அங்கேயும் அதுவே இருந்தது.

வாரியம் மறக்கவில்லை. ஐந்து பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி போட்டது. தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி; ஓய்வு பெற்றதிலிருந்து இது அவருக்குப் பதினான்காவது கமிட்டி. முதல் அமர்வில் அவர் பேசினார்: "இரண்டரை லிட்டர் சிறிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்தால் நமக்கு வேலை இல்லாமல் போய்விடும்." அதே பாதையில் அதே காரை மறுபடி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

குறிப்பிட்ட நாளில் ஆறு கார்கள் வாசலில் நின்றன. ஐந்து உறுப்பினர்களுக்கும் பதவிப்படி ஆளுக்கொரு கார். ஒருவர் காரில் இன்னொருவர் ஏறினால் மரியாதைக் குறைவு. ஆறாவது, மூன்றாம் நம்பர். அதன் டேங்கை விளிம்புவரை நிரப்பி, மூடிக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். வயதில் மூத்தவர் முதல் காரா, பதவியில் மூத்தவர் முதல் காரா என்று அணிவகுப்பில் தகராறு வந்தது. அது தீர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வெயில் தாங்காமல் ஐந்து கார்களும் ஏ.சி.யோடு உறுமிக்கொண்டே நின்றன. மூன்றாம் நம்பரின் இன்ஜினை மட்டும் சோதனையின் தூய்மைக்காக அணைத்து வைத்திருந்தார்கள்.

குற்றம் செய்யாதவர் என்பதால் அதை ஓட்ட நிதானத்தை நியமித்தார்கள். தலைவர் பின்னால் ஏறிக்கொண்டார். கடைசிக் காரில் ஒரு காவலாளிக்குப் பக்கத்தில் புதுசு உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப் பைகளைச் சோதித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

பத்து கிலோமீட்டர் போனதும் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பன்னெண்டேகால். சாப்பாடு எத்தனை மணிக்குச் சொல்லியிருக்கு?"

"ஒரு மணிக்குங்க சார், விருந்தினர் மாளிகையில."

"ஒரு மணி தாண்டினா எனக்குக் கை கால் நடுங்க ஆரம்பிச்சிடும். கொஞ்சம் மிதிப்பா."

"சார், அறுபதுதான்..."

"அறுபதுங்கறது கொள்கைப்பா. பசிங்கறது நடைமுறை. மிதி."

நிதானம் மிதித்தார். பின்னால் ஐந்து காரும் மிதித்தன. முள் நூற்று இருபத்தைந்தில் போய் நின்றது. அன்றைக்கு அவரைச் சிரிக்க வைத்த அதே காற்று இன்றைக்கு அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. இப்போது சொல்லிவிடலாம், "சார், அன்னிக்கும் இப்படித்தான் போனேன்" என்று ஒரே வரிதான். கண்ணாடியில் பார்த்தார். தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் டிரிப் ஷீட்டை வாங்கி, வேகம் அறுபது என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேர் முன்னிலையில் முத்திரையை உடைத்து டேங்கை நிரப்பினார்கள்.

ஆறரை லிட்டர் பிடித்தது.

நிதானத்துக்கு உடம்பே லேசானது; உண்மை தானாக வந்து கொட்டிவிட்டது, இனி தான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தார். அறுபதாயிருந்தால் நான்கு, ஆறரை ஆனதால் அறுபது இல்லை. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தலைவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு கடைசிக் காரைப் பார்த்துத் திரும்பினார். "முத்திரை வெச்ச டேங்க். ஓடற வண்டி. முன்னால நாங்க அஞ்சு பேர். அப்படியிருந்தும் ரெண்டரை லிட்டரை எடுத்துட்டான். சாதாரண ஆள் இல்லை இவன். கைதேர்ந்தவன்."

புதுசு காவலாளியின் முகத்தைப் பார்த்தான். காவலாளி அவனிடமிருந்து ஒரு அடி விலகி நின்றுகொண்டார்.

கமிட்டி ஒருமனதாக அறிக்கை எழுதியது: இரண்டு முறை திருடியதால் வேலையைவிட்டு நீக்கலாம். இறுதி விசாரணை வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை காலையில் நிதானத்தின் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "பத்து பதினஞ்சு நாளா பாக்கறேன். வைக்கற சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுடறீங்க. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் சொன்னார். அமரர் ஊர்தி, பூச்சிகள், புளியமரம், அறுபது என்று எழுதிய கை, எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தப் பையன் அங்க நின்னுட்டு இருந்தப்ப, நீங்க பக்கத்துலயே நின்னீங்களா?"

"ஆமா."

"வாயைத் திறக்கல?"

"இல்ல."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. வேலை போனா போகுது, நான் இன்னும் நாலு சீருடை சேத்துத் தைக்கறேன். சொல்லாம வந்தீங்கன்னா உங்க தட்டை நீங்களே கழுவிக்கோங்க, நீங்களே போட்டுச் சாப்பிட்டுக்கோங்க."

அவர் நேராகக் கண்காணிப்பாளர் அம்மாவின் மேஜைக்குப் போனார். அந்த அம்மா நல்ல மனுஷி. பத்தொன்பது வருடப் பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து 'வேக மீறல் ஒப்புதல் படிவம்' ஒன்றை எடுத்தார்.

"பேரு, வண்டி, தேதி எல்லாம் எழுதிட்டேன். வேகம் சொல்லுங்க."

"நூத்தி இருபத்தஞ்சு."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி படிவத்தைப் பார்த்தார். "ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"என்னம்மா?"

"வேகத்துக்கு ரெண்டு கட்டம்தாங்க. தொண்ணூத்தொம்பதுக்கு மேல ஒத்துக்க முடியாது. தொண்ணூத்தொம்பதுன்னு போட்டுக்கறீங்களா?"

"ஒரு பொய் எழுதினதுக்குத்தான்மா வந்திருக்கேன். இன்னொரு பொய் எதுக்கு?"

அந்த அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒன்றையும் இரண்டையும் கட்டத்துக்குள் எழுதி, ஐந்தைக் கட்டத்துக்கு வெளியே எழுதினார். ஆனால் கம்ப்யூட்டர் வெளியே இருப்பதை எடுத்துக்கொள்ளாது. திரையில் 'பன்னிரண்டு' என்று ஏறியது. அழிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தலைவர், எதிரே புதுசு. புதுசு சட்டையைக் கசங்காமல் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். இயக்குநர் கையில் ஒப்புதல் படிவத்தின் நகல். அவர் கண்கள் பனித்திருந்தன.

"பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்!" என்றார். "அறுபதே போதும்னு நான் சொன்னேன். நீங்க பன்னெண்டுல போயிருக்கீங்க. கொள்கையையே மிஞ்சிட்டீங்க."

"சார், பன்னெண்டு இல்ல சார். நூத்தி இருபத்தஞ்சு. அஞ்சு வெளிய போயிடுச்சு. அந்த ரெண்டரை லிட்டரை நான்தான் எரிச்சேன். இந்தப் பையன் ஒண்ணும் எடுக்கல. நான் வேகமா வந்துட்டு, அறுபதுன்னு பொய் எழுதினேன்."

புதுசு தலையைத் தூக்கிப் பார்த்தான்.

இயக்குநர் முதலில் சிரித்தார். நிதானம் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "நீங்க வேகமா போகல."

"போனேன் சார்."

"போகலைங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்களோட பத்தொன்பது வருஷத்தை வெச்சு நான் கட்டுரை எழுதியிருக்கேன். அது எட்டு மொழியில வரப்போகுது. நீங்க இப்ப வெறும் ஆள் இல்ல, ஒரு புள்ளிவிவரம். புள்ளிவிவரம் பொய் சொல்லாது. அப்ப நீங்க சொல்றதுதான் பொய்."

"சார், கமிட்டி போன அன்னிக்கும் நூத்தி இருபத்தஞ்சுலதான் போனோம். அதனாலதான் அன்னிக்கும் அதே ஆறரை லிட்டர். தலைவர் சார்தான் மிதிக்கச் சொன்னாரு. அவரே பின்னால உக்காந்திருந்தாரு."

தலைவர் முகம் சிவந்தது. "டிரிப் ஷீட்ல அறுபதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் கையெழுத்துப் போட்டப்புறம் எப்படி நூத்தி இருபத்தஞ்சு ஆகும்?"

நிதானம் இத்தனை நாளாகச் சொல்லாமல் பிடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளக் கை இல்லை.

திடீரென்று இயக்குநர் எழுந்தார். நாற்காலியைச் சுற்றி வந்து நிதானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் புரிஞ்சுடுச்சு," என்றார் தழுதழுத்து. "கூட வேலை பாக்கற ஒரு ஏழைப் பையனைக் காப்பாத்த, செய்யாத தப்பைத் தன் தலையில போட்டுக்கறார். என்ன மனுஷன்! வாரியத்துல இப்படி ஒரு தியாகம் இதுவரைக்கும் நடந்ததில்ல. இதுக்கு நாம மரியாதை செய்யணும். தம்பி, நீ திருடினது திருடினதுதான். ஆனா இவர் முகத்துக்காக உன்னை மன்னிக்கறோம். பணி நிரந்தரமும் உண்டு."

"சார், தியாகமெல்லாம் இல்ல சார்..." என்றார் நிதானம்.

"பாத்தீங்களா," என்று இயக்குநர் தலைவரைப் பார்த்தார். "அதையும் மறுக்கறார்."

புதுசு எழுந்து வந்து எல்லார் முன்னிலையிலும் நிதானத்தின் காலைத் தொட்டான். நிதானம் சுட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார்.

ஆனால் கோப்பு ஒன்று பாக்கி இருந்தது. இரண்டரை லிட்டருக்குப் பொறுப்பு யார் என்ற இடத்தை வெறுமனே விட முடியாது. புதுசை மன்னித்தாயிற்று, நிதானமோ தியாகி. தொழில்நுட்ப அலுவலர் மூன்று நாள் யோசித்து எழுதினார்: 'இழப்புக்குப் பொறுப்பு, காரின் எதிரே வந்த காற்று. நடவடிக்கை எடுக்க முகவரி இல்லாததால் கோப்பு முடிக்கப்படுகிறது.' அந்தக் கோப்பின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் உண்மையான வரி அது ஒன்றுதான். எழுதியவருக்கு அது தெரியாது.

நிதானத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்பலையா?"

"நம்பல."

"அந்தப் பையன்?"

"அவனும் நம்பல. காலைத் தொட்டுட்டான்."

அவள் கேடயத்தை மெஷினுக்கு அடியில் வைத்தாள். "அப்போ நீங்க இன்னும் சொல்லல," என்றாள்.

திங்கட்கிழமை காலை, வண்டி கழுவும் கொட்டகையில் புதுசு தனியாக இருந்தான். நான்காம் நம்பரின் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிதானம் போய் அவன் எதிரில் நின்றார்.

"தம்பி, நான் அங்க சொன்னது நெசம். உனக்காகச் சொல்லல. நான்தான் போனேன். நூத்தி இருபத்தஞ்சு."

"விடுங்கண்ணே. கமிட்டிக்காரங்க மிதிச்சத நானும் பாத்தேன்; நீங்க தனியா போறப்ப மிதிப்பீங்களா? உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என் மனசு தெரியாது. ஓர் அமரர் ஊர்தி என்னைத் தாண்டிப் போச்சு. ரோஷம் வந்து மிதிச்சேன். அப்புறம் புளியமரத்தடியில உக்காந்து கண்ணாடியில இருந்த பூச்சியெல்லாம் துடைச்சேன், யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. ஷீட்ல அறுபதுன்னு எழுதினேன். நீ மறுநாள் ஆணையோட வந்து என் முன்னால அழுதப்ப, எனக்கு எல்லாம் தெரியும்."

புதுசின் கை நின்றது. பூச்சி என்றதும்தான் நின்றது. அந்தக் காலையில் பங்கில், மூன்றாம் நம்பரின் கண்ணாடி இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே என்று அவனே நினைத்திருக்கிறான்.

"ரோஷத்துலயா போனீங்க? வீட்டுல யாருக்காவது முடியலையா, அவசரமா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"வேகமா போனப்ப எப்படி இருந்துச்சு?"

நிதானம் தரையைப் பார்த்தார். "நல்லா இருந்துச்சு."

புதுசு துணியைப் பிழிந்தான். சொட்டு நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். "ஒரு நாள் என் சட்டையைத் துவைக்க எடுத்தா என் வீட்டுக்காரி. எடுத்து மோந்து பாத்தா. பெட்ரோல் வாசனை வருதான்னு. நான் கதவுக்குப் பின்னால நிக்கறேன்னு அவளுக்குத் தெரியாது." அவன் பிழிந்த துணியைப் பானட்மேல் போட்டான். "மன்னிச்சு விட்டுட்டாங்கன்னு சொன்னப்பக்கூட, 'அப்போ எடுத்தீங்களா'ன்னுதான் கேட்டா. நான் என்ன சொல்லணும்?"

"தம்பி..." என்று ஆரம்பித்தார் நிதானம்.

"எனக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவகிட்ட வந்து சொல்லுங்க," என்றான் புதுசு. அண்ணே என்று சேர்க்கவில்லை.

வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். புதுசின் வீடு மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. அவன் மனைவி கதவைத் திறந்தாள். கேடயம் வாங்கியவர் வந்திருக்கிறார் என்று முதலில் முகம் மலர்ந்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

"இருக்கட்டும்மா. இங்கயே நின்னு சொல்லிடறேன்," என்றார் நிதானம்.

மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை சொல்வது மற்ற எல்லாத் தடவையையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவள் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினாள். நம்ப நம்ப அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. படிவம் கேட்கவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவர் ஒரு சொட்டுக்கூட எடுக்கலைதானே?"

"ஒரு சொட்டுக்கூட எடுக்கலம்மா."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து, அங்கே இல்லாத தூசியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

நிதானத்தை அவள் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. அவர் முகத்தை நேராக ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

நிதானம் வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்தார். அவருக்கு நன்றாகப் பசித்தது.